வெள்ளிமலைக்குப் போகும் பெரியப்பா

வெள்ளை வேட்டி போர்த்தி, சாமந்தி மாலை போட்டு, பாடையோடு வேனில் கிடத்தியிருந்த பெரியப்பாவை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார் கண்ணாயிரம். "கட்டு அவுந்துடாம பாத்துக்கோ சின்னக்கண்ணு. அழுவ மறந்துடாத."

"அழுவையே வரமாட்டேங்குதுங்க சார்," என்றார் டிரைவர் சின்னக்கண்ணு.

எப்படி வரும்? வேட்டிக்குள் இருந்தது பெரியப்பாவே இல்லை, ஏரியல். கல்லூரியில் பௌதிகம் நடத்தும் கண்ணாயிரம் வருஷக்கணக்கில் குழாய் குழாயாகச் சேர்த்துக் கட்டியது. வானிலை பார்க்கிற கிழட்டு சாட்டிலைட் ஒன்று இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது அனுப்பும் சிக்னலின் சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது.

இன்று மத்தியானம் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து பிடித்தால் உண்டு, விட்டால் அது நிரந்தர ஊமை. ஒரு மாதமாக டீக்கடையில் எவன் மாட்டினாலும் கண்ணாயிரத்துக்கு இதே பேச்சுதான்.

போதாத வேளை, இட ஒதுக்கீட்டு மறியல் வந்து சேர்ந்தது. ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சாவுக்கு மட்டும்தான் வழி.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மலை மேல் திரண்ட மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மறியல் தலைவர் பொன்னுரங்கம் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"எங்க பெரியப்பாங்க. வெள்ளிமலைக்கு எடுத்துக்கினு போறோம்."

"மலை மேல ஒங்களுக்கு ஏதுங்க பெரியப்பா?"

கண்ணாயிரம் சாமந்தி மாலையைச் சரிசெய்தார். "வூட்ல சண்ட போட்டுக்கினு மலையேறிட்டவருங்க. அங்கியே அடக்கம் பண்ணணும்னு கடைசி ஆச."

சின்னக்கண்ணு ஓவென்று அழுதார். பாவம், அது நடிப்பில்லை, பயம்.

கூட்டத்தில் ஒருவன் முகத்துணியை விலக்கக் கை நீட்டினான். அதற்குள் பொன்னுரங்கம் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"மொகம் பாக்கற நேரமாடா இது? தோள் குடுங்க. மெதுவா தூக்குங்க."

நாலு பேர் பாடையைத் தூக்கி மரத்தைத் தாண்டினார்கள். "இன்னாடா இது, கனமே இல்ல," என்றான் ஒருவன்.

"ரொம்ப நாளா கஞ்சிதாங்க," என்றார் கண்ணாயிரம்.

கால் பக்கம் வேட்டி விலகி, ஏதோ பளபளத்தது. பொன்னுரங்கம் தன் தோள் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தி, கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப்பட்ட மனுஷனையா ஏமாற்றுகிறோம் என்று கண்ணாயிரத்துக்கு உடம்பு கூசியது.

மரத்துக்கு அந்தாண்டை பொன்னுரங்கத்தின் டிராக்டர் நின்றது. டிரெய்லரில் கடலை ஆய்ந்த மல்லாட்டைத் தழை இன்னும் வாடாமல் கிடந்தது. அதன்மேல் பெரியப்பாவைக் கிடத்தி, சின்னக்கண்ணுவைக் காவலுக்கு ஏற்றிவிட்டு, பொன்னுரங்கமே ஓட்ட உட்கார்ந்தார். கண்ணாயிரம் பக்கத்தில் மட்கார்டில் தொற்றிக்கொண்டார்.

கூட்டம் கண்ணுக்கு மறைந்ததும் பொன்னுரங்கம் அவர் காதருகே குனிந்தார்.

"களம் பூரா மல்லாட்ட கெடக்குது சார். மழ வருமான்னு ஒங்க பெரியப்பாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."