நாலாவது பட்டை

உபாத்தியாயர் சத்தியநேசனின் முதல் மனைவி ஜெபராணி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியும், கூடத்துச் சுவரில் அவள் அடிக்கச் சொன்ன மஞ்சள்தான் இருந்தது. அவள் படத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்ட இரண்டாம் மனைவி கெசியாவுக்குச் சுவரை ஏற்ற வழியில்லை. ஆகவே பாளையங்கோட்டைத் துரை பங்களாவில் இருப்பதுபோல் சாம்பல் நிறம் அடிக்கத் தீர்மானித்தாள்.

வெள்ளையடிக்கும் தாவூது, சுண்ணாம்பில் கரித்தூளைக் கூட்டியும் குறைத்தும் கலந்து, சுவரில் மாதிரிக்கு மூன்று பட்டை இழுத்தார். "ஈரத்துல ஒண்ணும் தெரியாது தாயி. காஞ்ச பெறவு பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பட்டைகள் காய்ந்திருந்தன. நான்கு இருந்தன.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சத்தியநேசன், தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டே நாலாவதைக் காட்டினார். "இது நல்லாருக்கு. ஜெபராணிக்கு இந்த நெறம்னா உசுரு. அடுத்த தடவ இதத்தான் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தா."

"அப்ப அது வேண்டாம்" என்றாள் கெசியா. கரி தூக்கலான முதல் பட்டையின் நிறத்தையே அடிக்க வைத்தாள். தாவூது அடித்து முடிக்கும்வரை வாளிக்குப் பக்கத்திலேயே காவல் நின்றாள்.

மறுநாள் சுவர் காய்ந்தது. முழுக்க நாலாவது நிறம்.

கணவர் வந்து பார்த்தார். கல்யாணமான நாளாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "ஏட்டி கெசியா, உன் கண்ணே கண்ணு!"

உண்மையைச் சொன்னால் இந்தப் பாராட்டும் ஜெபராணிக்கே போய்விடும்.

"பின்ன? நாந்தான எடுத்தேன்" என்றாள் கெசியா.

அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில், ஒருத்தி முதுகு சாய்த்து உட்காரும் அகலத்துக்கு, காய்ந்த சுண்ணாம்பு பைய ஈரமாகிக்கொண்டிருந்தது.