புழு தின்ற தூக்கம்

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. ஊர் கேட்கச் சொல்கிற சங்கதி இல்லை இது.

கம்பைநல்லூர்ப் பக்கம் வீரமணி வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அன்றைக்கு வெயில் நன்றாக ஏறிவிட்டது. கழுவாத பால் கேனில் ஈ மொய்க்கிறது. மாடு தண்ணிக்குக் கத்துகிறது. வீரமணியின் பெண்டாட்டி யுவராணியோ, புழுவுக்கு வெட்டி வந்த மல்பெரித் தழைக் கட்டின் மேலேயே தலையை வைத்து, வாயைப் பிளந்து தூங்குகிறாள்.

அந்த நேரம் பார்த்தா அந்தப் பெண் வந்து நிற்க வேண்டும்! தேவிப்பிரியா என்று பேர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறவள். பட்டு வளர்க்கிற வீட்டுப் பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவள்.

"வா கண்ணு, வந்து நல்லாப் பாத்துக்க," என்று வரவேற்றாள் மாமியார் தீர்த்தம்மாள். "எம் மருமவ குடித்தனம் பண்ற அழக!"

யுவராணி பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மேடம்? ஆளு வந்தாத்தான் இந்த மயக்கமும் வரும்," வீரமணி சிரித்தான்.

"அரூர் ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா கூட்டிக்கிட்டுப் போங்கன்னு எத்தினி நாளா கேக்கறேன்..." என்றாள் யுவராணி.

"பட்டப்பகல்ல தூங்கறவளுக்கு என்னடி வியாதி? புழு தீனி எடுக்கற நேரத்துல ஊரு சுத்தணுமா உனக்கு?" என்றான் வீரமணி.

தேவிப்பிரியா பையிலிருந்து கடிகாரம் மாதிரி ஒரு பட்டையை எடுத்தாள். "சண்டை எதுக்குண்ணா? இத அக்கா கையில கட்டி விடறேன். எவ்ளோ தூங்கறாங்க, எவ்ளோ நடக்கறாங்கன்னு இதுவே சொல்லிரும். அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

"பொய் சொல்லாதா?"

"மெஷின் எதுக்குண்ணா பொய் சொல்லணும்?"

வீரமணிக்கு வீம்பு வந்துவிட்டது. "அப்ப கட்டுங்க மேடம். இவ தூங்கலன்னு இது சொல்லட்டும், மறுநாளே நானே வண்டியில உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா ஜென்மத்துக்கும் மயக்கம்ங்கற பேச்சே இந்த வூட்டுல எடுக்கக் கூடாது."

யுவராணி மணிக்கட்டை நீட்டினாள். கல்யாணத்துக்கு வளையல் அடுக்கும்போதுகூட அவ்வளவு ஆசையாக நீட்டியிருக்க மாட்டாள்.

அந்த வாரம் புழுவுக்குக் கடைசிப் பருவம். பேய்த்தீனி தின்னும். ராத்திரி, பகல் கிடையாது. தழையைப் பரப்பிவிட்டுத் திரும்பினால் வெறும் குச்சிதான் கிடக்கும். தழை வெட்ட, சுமக்க, பரப்ப, கழிவை அள்ளிக் கொட்ட, எல்லாத்துக்கும் யுவராணிதான். புழுக் கொட்டகையில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். மத்தியானம் அது கொஞ்சம் ஏறினால் போதும், தீர்த்தம்மாளுக்கு நெஞ்சு பதறும்.

"ஏண்டி, ஈரச்சாக்க கட்டுடி! புழு வாடுது பாரு!"

யுவராணிக்கு உடம்பு சுட்டதை அளக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை. அவள் கையிலிருந்த பட்டையைத் தடவிக்கொள்வாள். 'நீ பாத்துக்கிட்டுத்தான இருக்கற' என்பாள் அதனிடம்.

சொன்னபடி தேவிப்பிரியா வந்தாள். கொட்டகைக்குள்ளேயே யுவராணியை உட்கார வைத்துப் பட்டையைக் கழற்றினாள். போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"என்னக்கா இது? தூங்கவே இல்லையா நீங்க?"

"கண்ண மூடுவேன். அதுக்குள்ள தழை போடற நேரம் வந்துரும்."

"போன ஊர்ல ஒருத்தரு குறும்புக்கு இத ஆட்டுக் கழுத்துல கட்டி விட்டாரு. அந்த ஆடுகூட இவ்ளோ நடக்கலக்கா!"

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாக்கிலேயே யுவராணி அழுதாள்.

தேவிப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நான் நம்பறேன்க்கா. பொம்மிடியில எங்கம்மாவும் பட்டுதான் வளத்தாங்க. என்னைப் படிக்க வச்சதே அந்தப் புழுதான். எப்ப முழிச்சுப் பாத்தாலும் அம்மா பாய் காலியாத்தான் கெடக்கும்."

யுவராணிக்கு உசிரே வந்தது மாதிரி இருந்தது. "அப்ப இத அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா நடிப்பும்பாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"அது வந்துக்கா... மத்த வீட்டுலயெல்லாம் கணக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. உங்களுது மட்டும் எங்கயோ போயி நிக்குது. எங்க சாரு ஒத்துக்க மாட்டாரு. பட்டு வளக்கறதால பொம்பளைங்க நல்லா இருக்காங்கன்னு முடிக்கப் போற ஆராய்ச்சி இது..."

"ஆராய்ச்சி கெடக்கட்டுங்க. அவருகிட்ட மட்டும்..."

"பாக்கறேன்க்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் வீரமணியும் தீர்த்தம்மாளும் நின்றிருந்தார்கள்.

"என்ன மேடம், மெஷின் என்ன சொல்லுது? தூங்கினாளா, இல்லையா?"

யுவராணி கொட்டகைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். தேவிப்பிரியா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"மெஷின் கோளாறுண்ணா. கண்டபடி காட்டிருச்சு," என்று சிரித்துக்கொண்டே போனில் இருந்ததை அழித்தாள். "இப்ப சரி பண்ணிட்டேன்."

"அப்ப ஆஸ்பத்திரி கெடையாது," வீரமணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

தேவிப்பிரியா தீர்த்தம்மாளிடம் போனாள். "ஆயா, நீங்க ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா?"

"எனக்கென்ன கண்ணு, படுத்தா விடியத்தான் முழிப்பு வரும்."

"அப்படியா? கைய நீட்டுங்க ஆயா," என்று அந்தப் பட்டையைக் கிழவியின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டாள்.