ஐயர் தெரிந்தெடுத்த ஆள்

“எதைப் பாத்துய்யா என்னையத் தெரிஞ்செடுத்தீங்க?”

குற்றாலத்துச் சாரலில் நடந்தபடி உபதேசியார் ஏசுவடியான் கேட்டார். போதகர் மாசிலாமணி ஐயருக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமாக அவர் பயந்திருந்த கேள்வி அது.

மறுநாளோடு ஐயர் ஓய்வு பெறுகிறார். காலையில் தென்காசியில் நடந்த பிரிவுபசாரத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுத்தான். “ஏசுவடியானால எட்டு ஊர்ல சபை எழும்பிச்சு. அவரைக் கண்டெடுத்தது நம்ம ஐயரோட கண்ணுல்லா!”

1955இல் உபதேசியார் பயிற்சிக்கு ஐயரிடம் இருந்தது ஒரே ஓர் ஆளுக்கான இடம். மூன்று வருடம் கூடவே வைத்துப் பழக்க வேண்டும். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை சுமந்துகொண்டிருந்த ஏசுவடியான் மாற்று வேட்டியோடு வந்து நின்றது ஐயருக்கு நேற்றுப்போல் இருந்தது.

அப்போது ஏசுவடியான் வேதாகம வசனத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். சனிக்கிழமைதோறும் இதே அருவிக்கு இருவரும் நடந்தே வருவார்கள். போக வர வேதாகமத்தில் இரண்டு சங்கீதம் மனப்பாடம். காலரா வந்த வருடம், ஐயரே தயங்கி நின்ற தெருவுக்குள் கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு முதலில் போனவர் ஏசுவடியான்தான்.

இனியும் மறைப்பது சரியில்லை என்று ஐயருக்குப் பட்டது.

“நான் உன்னையத் தெரிஞ்செடுக்கலப்பா. உங்க ஊர்ல இன்னொரு ஏசுவடியான் இருந்தாம்லா, நல்லாப் படிச்சவன், பாட்டுக்காரன். அவனுக்குத்தான் கடுதாசி போட்டேன். தபால்காரர் ஆள் மாறிக் குடுத்துட்டாரு. வந்து நின்ன உன்னையத் திருப்பி அனுப்ப வாய் வரல. மொத வருசம் பூரா, நீயாப் போயிர மாட்டியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். என்னைய மன்னிச்சிரு.”

ஏசுவடியான் நின்றுவிட்டார். ஈரத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“தபால்காரர் மேல தப்பில்லய்யா. அவரு சரியான ஆளுகிட்டத்தான் குடுத்தாரு. அந்த ஏசுவடியான்தான் கடுதாசியத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்கு ஓடி வந்தான். ‘ஏலே, எனக்கு வாய்தான் இருக்கு, மனசு இல்ல. இதுக்கு ஆளு நீதான், போ’ன்னு பிடரியப் பிடிச்சுத் தள்ளாத கொறையா பஸ் ஏத்திவிட்டான். உங்கள ஏமாத்திட்டமேன்னு பதினோரு வருசமா உறுத்துது. அதச் சொல்லத்தான்யா இப்பப் பேச்சையே எடுத்தேன்.”