வலது மூலைப் புள்ளி

ஸ்டுடியோ கதவைச் சாத்திவிட்டுக் கேமராவின் லென்ஸைக் கழற்றினாள் பிளெஸ்ஸி. ரப்பர் பம்ப்பால் உள்ளே காற்றடித்தாள். தூசி போகவில்லை. படம் பதியும் சென்சாரை ஈரக் குச்சியால் வேகவேகமாகத் துடைத்தாள்.

"இன்னா அவசரம்? கீறல் வுழுந்தா கேமராவே போச்சு" என்றான் கணவன் ஸ்டான்லி.

"நாளைக்குச் சர்ச்சுல கல்யாணம். பொண்ணோட வெள்ளைப் புடவையில புள்ளி வுழும்."

"இத்தினி நாளா வுழுந்துக்கினுதானே இருந்துச்சு?"

அவள் லென்ஸை மாட்டி முடித்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆதிகேசவன். மாம்பழக்கூழ் ஃபேக்டரி மேனேஜர். ஸ்டான்லி சட்டென்று எழுந்து நின்றான். அவனுக்கு அங்கேதான் வேலை.

எடுத்தவர் பெயரில்லாமல் செய்தியில் வந்திருந்த படத்தை அவர் போனில் காட்டினார். ஃபேக்டரிக் கழிவு ஏரியில் கலந்துகொண்டிருந்தது. வானத்தின் வலது மூலையில் ஒரு கரும்புள்ளி.

"கேமரா உள்ள தூசி இருந்தா எல்லாப் படத்துலயும் அதே இடத்துல வுழுமாமே. சித்தூர்ல ஒவ்வொரு ஸ்டுடியோவா பார்த்துக்கினு வரேன். இந்தச் சுவத்தை ஒரு படம் எடும்மா."

பிளெஸ்ஸி எடுத்தாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். சுவர் பளிச்சென்று இருந்தது.

"ஏரிப் பக்கமே நான் போகல சார்."

"தப்பா நினைச்சுக்காதம்மா" என்று கிளம்பியவர், வாசலருகே நின்றுவிட்டார். பிளெஸ்ஸி எடுத்து, ஸ்டான்லி ஆசையாகப் பெரிதாக்கி மாட்டியிருந்த படம் அங்கே இருந்தது: சர்ச் கோபுரம், மேலே நீல வானம்.

ஆதிகேசவன் கைக்குட்டையை எடுத்து, அந்த வானத்தின் வலது மூலையை அழுத்தித் துடைத்தார்.

புள்ளி போகவில்லை.