செப்புக் காசும் டீ வடிகட்டியும்

“உங்கப்பா இன்னிக்கு டீ வடிகட்டியையும் எடுத்துட்டாரு. இதுக்கு மேல என்னால முடியாது. நீ உடனே கிளம்பி வா!”

அவ்வளவுதான், அம்மா போனை வைத்துவிட்டாள். மகள் அரை நாள் விடுப்புச் சொன்னபோது மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கி வைக்காமல் என்ன செய்வார்? போன மாதம் எண்ணெய்க் கிண்ணத்துக்காக விடுப்பு. அதற்கு முன்னால் பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்காக விடுப்பு. இந்தத் தடவை மகள் ஒரு முடிவோடுதான் பஸ் ஏறினாள். அப்பா ஓயாமல் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய காசுகள் வீட்டை விட்டுப் போக வேண்டும். அப்போதுதான் அம்மாவுக்கு நிம்மதி, அவளுக்கும் நிம்மதி.

கதவைத் திறந்த அம்மா ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை.

“அந்தக் கண்றாவியைப் போய்ப் பாரு.”

சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, பூதக்கண்ணாடியும் கையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நாலைந்து கிண்ணங்களில் மண்ணும் களிம்புமாகச் செப்புக் காசுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து, குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுவதுபோல மெதுவாகத் தேய்த்து, டீ வடிகட்டியில் போட்டு அலசினார்.

“சாதாரணத் தண்ணி ஆகாதாம்,” என்றாள் அம்மா. “கடையில போய் பேட்டரித் தண்ணி வாங்கிட்டு வராரு. நான் ஒருநாளாவது அப்படி ராஜ உபசாரம் பார்த்திருப்பேனா?”

“ஏம்ப்பா, எலுமிச்சம்பழத்தை வெச்சு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடாதா? எதுக்கு நாள்கணக்கா ஊறப்போடணும்?”

“பளபளன்னுதான் ஆகும். மேல இருக்கற ராஜா முகமும் சேர்ந்து போயிடும். அப்புறம் கண்ணாடியை வெச்சு எதைப் பாக்கறது? மண்ணு தானா விடணும்மா. பொறுமை வேணும்.”

“மண்ணுகிட்ட காட்டற பொறுமையில கால்வாசி என்கிட்ட காட்டியிருந்தா நான் ஏன் இப்படிக் கத்தப்போறேன்?” என்று சொல்லிக்கொண்டே அம்மா சமையலறைக்குள் போனாள்.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காசைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இங்க பாரு! ராஜாவுக்கு மூக்குல ஒரு வெட்டு. இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் நம்ம கைக்கு வந்ததே இல்ல!”

தெருவுக்கே கேட்டிருக்கும்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். டீயில் தூள் மிதந்தது. டம்ளரைப் பிடித்த விரல்களில் நகக்கண்ணெல்லாம் பச்சைப் பச்சையாக இருந்தது.

“என்னம்மா கை இது?”

“எல்லாம் உங்கப்பாவோட கிண்ணத்தைக் கழுவிக் கழுவித்தான்.” வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைத் திறந்தாள்.

“போதும்ப்பா. எல்லாத்தையும் நான் எடுத்துட்டுப் போறேன். காசு, கிண்ணம், பிரஷ், ஒண்ணு விடாம.”

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

அதற்குள் அம்மா மகளின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள்.

“உனக்கென்ன பைத்தியமா?”

“நீதானம்மா வரச் சொன்ன!”

“அவரைத் திட்டறதுக்கு வரச் சொன்னேன். காசை எடுத்துட்டுப் போன்னா சொன்னேன்?”

அம்மா குனிந்து, பூந்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு உடைந்த வாளியை இழுத்தாள். உள்ளே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குழைத்த சேறு. கையை விட்டுத் துழாவி ஒரு காசை வெளியே எடுத்தாள்.

“இது போன மாசம் அவர் சுத்தம் பண்ணி அலமாரியில வெச்சது.”

“என்னது?”

“பழைய இரும்புக் கடைக்காரர் ஒரே ஒரு பொட்டலம் காசுதான் குடுத்தாரு. அப்புறம் கடையையே மூடிட்டாரு. நான்தான் இதையே திரும்பத் திரும்பச் சேத்துல புரட்டி, ‘கடைக்காரர் குடுத்தனுப்பினாரு’ன்னு குடுக்கறேன். வேற என்ன பண்றது? ஓய்வு வாங்கின புதுசுல, ரயில்பெட்டியைப் பரிசோதிச்ச மாதிரி என் சமையலறையைப் பரிசோதிச்சாரே மனுஷன்! சர்க்கரை ஏன் இந்த டப்பாவுல, உப்பு ஏன் அந்த டப்பாவுலன்னு நாளெல்லாம் சண்டை. சண்டை முடிஞ்சா மூலையில உட்கார்ந்து சுவத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. சண்டையைக்கூடத் தாங்கிடலாம், அதைத்தான் என்னால தாங்க முடியல. காசு வந்தப்புறம்தான் மறுபடியும் மனுஷனா ஆனாரு.”

“கண்டுபிடிச்சிட்டாருன்னா?”

“யாரு, அவரா? எத்தனை பேர் டிக்கெட் இல்லாம இவரை ஏமாத்திட்டுப் போனாங்களோ!” அம்மாவின் முகத்தில் பெருமை வழிந்தது. “நீ வாயைத் திறந்துடாத. உள்ள போய் நல்லா ரெண்டு திட்டு திட்டிட்டுக் கிளம்பு.”

மகள் உள்ளே போய் இரண்டு திட்டு திட்டினாள். பையை மூடிக்கொண்டாள். ஒருத்தர் ஏமாளி, ஒருத்தி கள்ளி, நடுவில் தன்னுடைய விடுப்பு தண்ணீராய்ப் போகிறது என்று அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

அப்பா பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். வழியெல்லாம் மூக்கு வெட்டுப்பட்ட ராஜாவின் புராணம்தான். பஸ் வந்து நின்றதும் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த தடவை வரும்போது உங்கம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிட்டு வாம்மா, தோட்ட வேலைக்குன்னு சொல்லிக் குடு. அந்த ராஜாவுக்குத் திரும்பத் திரும்ப மண்ணு பூசியே அவ நகமெல்லாம் பச்சையாகிப் போச்சு, பாவம்.”