ஏணிக்கால்

1909, ஆடி மாதம். ராதாபுரத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவ வேதக்கோயிலின் ஓலைக்கூரையில் தீப்பிடித்தது. பனையேறி பூதத்தானின் மனைவி இசக்கித்தாய் உட்பட ஊரே தண்ணீருக்காகக் கிணற்றடிக்கு ஓடியது. உபதேசியார் நேசையா அரிவாளோடு மேலே ஏறி, தீ பரவாமலிருக்க ஓலைகளை வெட்டித் தள்ளினார். மணல் தரையில் ஏணி தானாக நிற்காது. பூதத்தான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

காற்று திரும்பியது. தீ நேசையாவை மூன்று பக்கமும் வளைத்தது. இறங்க ஏணியைத் தவிர வேறு வழியில்லை.

“ஏலே, புடிச்சிருக்கியா?”

“புடிச்சிருக்கேன் ஐயா. பைய எறங்குங்க.”

“என்னையே பாருலே. திரும்பிப் பாக்காத.”

“பாக்கல ஐயா.”

ஒவ்வொரு படியிலும் அதையே கத்தினார். அவனும் அவரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

கால் மணலைத் தொட்டதும் நேசையா அவன் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார்.

“மன்னிச்சிருலே. உனக்குப் பின்னால உன் குடிச எரியுறத மேல இருந்தே பாத்தேன். சொன்னா ஏணிய விட்டுட்டு ஓடிருவியோன்னு பயந்துட்டேன்.”

அப்போதுதான் பூதத்தான் ஏணியை விட்டான்.

“தெரியும் ஐயா. முதுகுல சூடு அடிச்சப்பவே தெரியும்.”