மெல்லிசு யாருக்கு?

மேசைமேல் லவோன் விசிறியெறிந்த தோட்டாக்கள் அனைத்தின் அடியிலும் துப்பாக்கியின் சுத்தியல் தட்டிய பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றுகூட வெடித்திருக்கவில்லை.

"எடுத்துப் பாரு, வெர்லின். எல்லாம் உன் கைவண்ணம்."

வெர்லின் எடுக்கவில்லை. அவன் வென்ற கேடயம் வெளியே பிக்கப் வண்டியின் இருக்கையிலேயே கிடந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவரும் துணிவு அவனுக்கு இல்லை. துப்பாக்கிச் சுடும் போட்டி முடிந்து திரும்பி, கராஜுக்குள் நுழைந்ததும் அவன் மனைவி லவோன் தொடங்கிவிட்டாள்.

"மெல்லிசை உனக்குத்தான் போட்டிருக்கேன்னு நேத்து சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு, கெட்டியைப் போட்டு அனுப்பியிருக்கே."

காலித் தோட்டாக்களுக்கு மறுபடி மருந்து நிரப்பும் வேலை அந்த வீட்டில் வெர்லினுடையது. தோட்டாவின் அடியில் அவன் பொருத்தும் பிரைமர் ஒரு சின்ன மூடிதான். ஆனால் அது பொறி கிளப்பினால்தான் மருந்து பற்றும். மெல்லிய தகடானால் இலேசான தட்டுப் போதும், கெட்டித் தகட்டுக்குப் போதாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எதில் எதைப் போட்டோம் என்பது போட்டவனுக்குத்தான் தெரியும்.

லவோனுக்கு விரல் மூட்டுகளில் வாதம். விசை எளிதில் அழுந்தவேண்டும் என்பதற்காகத் தன் ரிவால்வரின் சுருள்வில்லைத் தளர்த்தி வைத்திருந்தாள். அதன் தட்டுக்கு மெல்லிசு மட்டுமே வெடிக்கும். அதுவோ மாதக்கணக்கில் கடைகளுக்கு வரவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்தது, ஒருவருக்கு மட்டும் போதுமான ஒரே டப்பா.

போட்டியில் வெல்பவருக்கென நெப்ராஸ்கா மாநில அணியில் காலியாக இருந்ததும் ஓர் இடந்தான். குளிர்காலத்தில் லவோனுக்குக் கையில் அறுவைச் சிகிச்சை. அதன்பின் அவள் துப்பாக்கி பிடிக்க முடியும் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை.

"இந்த வருஷத்தை விட்டா எனக்கு வேற வருஷம் இல்லைன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே. அத்தனை பேர் முன்னாடி டிக்கு டிக்குன்னு நிக்கறேன். நம்மகூடப் போட்டியில சுட்ட அந்தக் கேலன் பய பின்னாலேர்ந்து, 'பேட்டரி தீந்துபோச்சா லவோன்'ங்கறான். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். துரை நீ என்னடான்னா, பட்டாசுச் சரம் கொளுத்தின மாதிரி சுட்டுத் தள்ளிட்டுப் போறே."

"என்னோடது வெடிச்சது தப்பா?"

"எப்படி வெடிச்சுதுன்னுதான் கேக்கறேன். போன மாசம் நீயும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினே, பாத்தேன். அப்ப உன் துப்பாக்கிக்கும் மெல்லிசு இல்லாம ஆகாது. இருந்த ஒரு டப்பா எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க நான் காலேஜுக்குப் போகணுமா?"

வெர்லின் வாய் திறந்தான். அவள் இடந்தரவில்லை. அவன் முகத்தைப் பாராமல், மேசைமேல் கிடந்த தோட்டாக்களைப் பார்த்தே பேசிக்கொண்டு போனாள்.

"காலைல எழுந்து காப்பி போட்டவ நான். படுக்கையறையில இருந்த உன் பை, என் பை, ரெண்டையும் தூக்கிட்டுப் போய் வண்டியில வெச்சவ நான். நீ குறட்டை விட்டுக்கிட்டுக் கிடந்தே. கட்டினவளை ஏமாத்திட்டு எப்படித்தான் அப்படித் தூக்கம் வருதோ."

வெர்லின் தன் ரிவால்வரை உறையிலிருந்து எடுத்தான். உருளையைத் திறந்து, அது காலியாக இருப்பதை அவளுக்குக் காட்டி, மூடி நீட்டினான். அவனுடைய ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"செவுத்தைப் பாத்து அழுத்து."

"எதுக்கு?"

"அழுத்துன்னு சொல்றேன்."

அவள் ஒரு விரலால் அழுத்தினாள், விசை அசையவில்லை. இரண்டு விரல்களை மாட்டி, வலியில் முகம் கோண இழுத்த பிறகே சுத்தியல் விழுந்தது. விழுந்த ஓசை கராஜின் தகரக் கதவில் மோதித் திரும்பியது.

"விறைப்பான பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டி மூணு வாரமாச்சு," என்றான் வெர்லின். "இது விழற வேகத்துக்குக் கெட்டி என்ன, கூழாங்கல்லே பொறி கக்கும். பழகறதுக்குள்ள விரல் தோல் உரிஞ்சுபோச்சு. அந்த டப்பா முழுசும் உனக்குக் கிடைக்கட்டும்னுதான் மாட்டினேன்."

லவோன் ரிவால்வரை மேசைமேல் வைத்தாள். குரல் தாழவில்லை.

"கதை நல்லாத்தான் இருக்கு. நீ அவ்வளவு உத்தமன்னா, என் பையில இருந்த தோட்டாப் பெட்டியில கெட்டி எப்படி வந்துச்சு? அதுக்குப் பதில் சொல்லு முதல்ல."

வெர்லின் வெடிக்காத தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகரக் குவளையில் போட்டான். விடிந்ததிலிருந்து அவன் அடக்கிவைத்திருந்த கோபம் இப்போதுதான் முகத்தில் ஏறியது. குரல் மட்டும் உயரவில்லை.

"என் பேச்சை நம்பாம, காலைல நீ நம்ம ரெண்டு பேர் பெட்டியையும் மாத்தி வெச்சப்போ, நான் தூங்கலை."